துரு பிடிக்காது, நட்டு பிடிக்கும்

மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து போல்ட் முடிந்திருந்தது. பதினோராவது போல்ட்டை ஃபிட்டர் அலுமினியச் சட்டத்தின் துளையில் நுழைத்தார். நட்டை இரண்டு சுற்று கையால் ஏற்றிவிட்டு, பேட்டரி மெஷினை வைத்து அழுத்தினார். சர்ரென்று ஓடிய நட்டு, பேனலைப் பிடிக்கும் கிளாம்ப்பைத் தொட்ட மாத்திரத்தில் கிறீச்சிட்டு நின்றது. கிளாம்ப் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நட்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"மரை அடிபட்டிருக்காண்ணே?" என்றான் கூட இருந்த பையன்.

"புது போல்ட்டுடா. இப்பத்தான பாக்கெட்டப் பிரிச்சேன்."

கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். ஃபிட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துரு இருந்தாத்தான சார் மண்ணெண்ண? இது எஸ்.எஸ். இதுல ஏது துரு?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் துரு இல்லாததுதான் இங்கே கோளாறு என்பது அப்போது எங்கள் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இரும்பு போல்ட் பிடித்துக்கொள்வது வேறு கதை. மழையில் பத்து வருடம் நின்ற கேட்டின் கீல், கிணற்று மோட்டாரின் அடித்தட்டு, இவற்றில் நட்டு இறுகிக் கிடக்கும். இரும்பு துருவாக மாறும்போது பழைய அளவைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் அது ஆப்பு வைத்தாற்போல் இறங்கிவிடும். அங்கே போல்ட் வேறு, நட்டு வேறு, நடுவில் இருப்பது துரு. மண்ணெண்ணெய் கசிந்து உள்ளே போகும். சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் துரு உதிரும். நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து வழிவிடும். பொறுமை இருந்தால் பிரித்துவிடலாம்.

மாடியில் நடந்தது அதுவல்ல. அங்கே இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. நடுவில் எதுவும் இல்லாததால் இரண்டு உலோகமும் ஒன்றாகிவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள, ஃபிட்டர் எஸ்.எஸ். என்று சொன்ன எவர்சில்வரின் தோலிலிருந்து தொடங்க வேண்டும். நம் வீட்டு டம்ளரும் அந்த போல்ட்டும் ஏறக்குறைய ஒரே கலவைதான்: இரும்பு, அதில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல். 1912-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், க்ரூப் ஆலையில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எஃகு உருவாயிற்று. மறு ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழல் உள்ளே தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி குரோமிய எஃகை வார்த்தார். பெயரும் புகழும் பெரும்பாலும் பிரியர்லிக்குப் போயிற்று. நம் பாத்திரமும் போல்ட்டும் வந்தது என்னவோ க்ரூப் வழியில்.

குரோமியத்தின் வேலை தோல் போர்த்துவது. காற்று பட்டதும் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து, பரப்பு முழுவதும் ஒரு படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமயிர் ஒன்றைப் பல ஆயிரம் ஏடுகளாகச் சீவினால் அதில் ஓர் ஏட்டுக்கு ஒப்பாகும். இரும்புத் துருவைப் போல இது பொருக்குப் பொருக்காக உதிராது. கீறல் விழுந்தால், காற்று இருக்கும்வரை, கண்ணிமைக்கும் நேரத்தில் புதுத்தோல் வளர்ந்துவிடும். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறார்களே, அந்த எழுத்தின் பள்ளம் ஐம்பது வருடம் ஆனாலும் துருவேறாமல் இருப்பது இதனால்தான்.

காற்று இருக்கும்வரை என்ற நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திரும்ப வருவோம்.

அடுத்து, இரண்டு உலோகப் பரப்புகள் தொடுகின்றன என்றால் என்ன அர்த்தம்? கண்ணாடி போல் மினுக்கிய உலோகமும் நுண்நோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டு பலாப்பழங்களை அழுத்தி வைத்தால் முள்ளின் நுனியும் நுனியும்தான் தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. உலோகமும் அப்படியே. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடன், டேவிட் டேபர் இருவரும் 1939-இல் இதை மின்சாரம் பாய்ச்சி அளந்து காட்டினார்கள். பார்வைக்குத் தெரியும் பரப்பு எவ்வளவு பெரிதாயிருந்தாலும், உண்மையில் தொடும் பரப்பு இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு அழுத்துகிறோம், உலோகம் எவ்வளவு கடினம். ஒரு சதுர சென்டிமீட்டர் எவர்சில்வர் மேல் பத்து கிலோ எடையை வைத்தால், நிஜமாகத் தொடும் இடம் 0.05 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தெரியும் பரப்பில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பத்து கிலோவையும் அந்தச் சில முள்நுனிகள்தான் தாங்குகின்றன. தாங்க முடியாமல் நசுங்குகின்றன.

நசுங்கும்போது தோல் கிழிந்தால்? உள்ளே இருக்கிற பச்சை உலோகமும் பச்சை உலோகமும் நேருக்கு நேர் வரும். ஓர் இரும்பணுவுக்குப் பக்கத்து அணு தன் துண்டைச் சேர்ந்ததா எதிர்த்துண்டைச் சேர்ந்ததா என்று தெரியாது. கைகோத்துக்கொள்ளும். நெருப்பு வேண்டாம், வெல்டிங் ராடு வேண்டாம். நியூட்டனின் உதவியாளராயிருந்த தெசாகுலியே 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டினார். இரண்டு ஈயக் குண்டுகளில் ஒரு பக்கம் சிறிது சீவிவிட்டு, சீவிய முகங்களை ஒன்றோடொன்று வைத்து, கையால் ஒரு திருகு திருகி அழுத்தினார். ஒட்டிக்கொண்டன. கீழே பல கிலோ எடை தொங்கவிட்டும் பிரியவில்லை. அவர் திருகியதைக் கவனியுங்கள். வெறுமனே அழுத்தினால் ஈயத்தின் மேலிருக்கும் ஆக்ஸைடு அழுக்கு நடுவில் நின்றுவிடும். திருகும்போதுதான் அது விலகும்.

நட்டு என்பது அழுத்திக்கொண்டே திருகும் கருவி. தெசாகுலியே கையால் செய்ததை அது ஸ்பேனரால் செய்கிறது.

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் போடுகிற எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் ஏ2-70 என்று குறித்திருக்கும். ஏ2 என்பது பாத்திர எவர்சில்வரின் வகை. 70 என்பது அறுபடும் வலிமை 700 மெகாபாஸ்கல் என்பதன் சுருக்கம். ஏ4 என்றிருந்தால் மாலிப்டினம் சேர்த்தது, கடற்கரைக்கு ஏற்றது. இந்தச் சின்ன போல்ட்டைச் சரியாக முறுக்கினால் ஒரு டன்னுக்கும் மேலான விசையோடு அது இழுபட்டு நிற்கும். போல்ட் ஆணி மாதிரி அல்ல, இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு மாதிரி. தான் நீண்டு, மீளத் துடிப்பதால்தான் இரண்டு துண்டுகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த ஒரு டன்னும் மரையின் சில சுற்றுகள்மேல் சாய்ந்து நிற்க, அதே நேரம் மரைமேல் மரை உரசி நகர்கிறது.

மரையின் முகட்டில் தோல் கிழிகிறது. வெளியிலென்றால் உடனே வளர்ந்திருக்கும். இங்கே இறுகிய மரைகளுக்குள் காற்று போதவில்லை. முள்நுனி எதிர்மரையில் ஒட்டுகிறது. நட்டு மேலும் திரும்ப, ஒட்டிய இடம் விடாமல், பக்கத்து உலோகம் பிய்ந்து வருகிறது. பிய்ந்தது நட்டில் ஒரு கட்டியாக நின்று அடுத்த இடத்தை உழுகிறது, அங்கிருந்தும் அள்ளுகிறது. மழை விட்ட கரிசல் காட்டில் செருப்போடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முதலடியில் கொஞ்சம் மண் ஒட்டும். அந்த மண்ணில் அடுத்த அடியின் மண் ஒட்டும். பத்தடி போவதற்குள் செருப்பு பாறாங்கல்லாகக் கனக்கும்.

எவர்சில்வரில் இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அடித்தால், வளைத்தால், பிய்த்தால் அது கடினமாகிக்கொண்டே போகும். நிக்கல் புண்ணியத்தில் அதன் அணுக்கள் காந்தத்துக்கு மசியாத ஓர் அடுக்கில் நிற்கின்றன. கடுமையாக உருக்குலைக்கும்போது சில இடங்களில் அந்த அடுக்கு சரிந்து, கடினமான வேறோர் அடுக்காகிவிடுகிறது. ஆகவே பிய்ந்து வந்த கட்டி, தான் பிய்ந்துவந்த உடம்பைவிடக் கடினமாக இருக்கும், அதை எளிதாக உழும். ஏ2 போல்ட்டை ஹேக்சாவால் அறுத்து, அறுத்த தூளின் பக்கத்தில் நல்ல காந்தமொன்றைக் கொண்டுபோய்ப் பாருங்கள். போல்ட் லேசில் அசையாது. தூள் தாவி ஒட்டும்.

சூடு சேர்ந்தால் இன்னும் மோசம். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். சாதாரண எஃகு கடத்துவதில் மூன்றிலொரு பங்குதான். பேட்டரி மெஷின் கடகடவென்று ஓட்டும்போது உரசலில் பிறக்கும் சூடு மரையை விட்டு நகராமல் அங்கேயே தங்கும். அந்த இடம் விரியும், இளகும், இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

பொறியாளர்கள் இதற்கு 'காலிங்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வாசல் மணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சேணம் உரசிக் குதிரையின் தோல் புண்ணாவதைச் சொல்லும் பழைய ஆங்கிலச் சொல் அது. நுகத்தடி உரசி மாட்டின் கழுத்தில் வரும் புண்ணை நாம் பார்த்திருக்கிறோம். பிடித்துக்கொண்ட மரையைப் பிளந்து பார்த்தால் அந்தப் புண்தான் நினைவுக்கு வரும்.

சாதாரண போல்ட்டுக்கு ஏன் இந்த வியாதி அரிது என்று கேட்கலாம். அது யோக்கியன் என்பதால் அல்ல. கடையில் வாங்கும் எஃகு போல்ட் வெறும் உடம்போடு வருவதில்லை. துத்தநாகப் பூச்சு இருக்கும், அல்லது கறுப்புப் பூச்சும் எண்ணெயும் இருக்கும். மென்மையான துத்தநாகம் நடுவில் நின்று அடிவாங்கிக்கொள்ளும். எவர்சில்வருக்குப் பூச்சே தேவையில்லை என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையால்தான் மரைக்குள் அதற்குக் காவல் இல்லாமல் போகிறது. மெல்லிய தோலை நம்பி வாழும் அலுமினியமும் டைட்டானியமும் இதே சாதி, இதே வியாதி.

இந்த வியாதி கண்ட நோயாளிகளில் மிகவும் விலையுயர்ந்தது சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. வியாழனுக்கு அனுப்ப நாசா கட்டிய கலிலியோ விண்கலத்தில் 4.8 மீட்டர் அகலமுள்ள பெரிய ஆன்டெனா ஒன்று குடைபோல மடித்து வைக்கப்பட்டிருந்தது. பதினெட்டுக் கம்பிகள்; கம்பிகளை மூடிய நிலையில் பிடித்துவைக்க டைட்டானிய ஊசிகளும், அவை உட்காரும் நிக்கல் கலவைக் குழிகளும். உரசாமலிருக்க மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற உலர்மசகு. 1986-இல் புறப்பட வேண்டிய கலம், அந்த ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியதால் தள்ளிப்போயிற்று. கலிஃபோர்னியாவிலிருந்து லாரியில் ஃபுளோரிடா போனது, திரும்ப கலிஃபோர்னியா வந்தது, மறுபடி ஃபுளோரிடா. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சாலையின் அதிர்வில் ஊசிகள் குழிக்குள் இம்மி இம்மியாக ஆடி, மசகைத் தேய்த்தன.

1989 அக்டோபரில் ஏவினார்கள். 1991 ஏப்ரல் 11 அன்று, குடையை விரி என்று கட்டளை போனது. மோட்டார் முக்கியது, நின்றது. சில கம்பிகள் விரியவில்லை. குடை கோணலாகப் பாதி திறந்து நின்றுவிட்டது. மசகு போன இடத்தில் ஊசியும் குழியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன என்பதே விசாரித்தவர்கள் வந்து சேர்ந்த முடிவு. தரையிலென்றால் தேய்ந்த இடத்தில் காற்று புதுத்தோல் வளர்த்திருக்கும். விண்வெளியில் அந்த மருந்தும் கிடையாது. கலத்தை வெயிலுக்குக் காட்டினார்கள், நிழலுக்குத் திருப்பினார்கள். விரிந்து சுருங்கினால் விடும் என்று பார்த்தார்கள். மோட்டாரைச் சுத்தியல் போல ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டு இயக்கினார்கள். மண்ணெண்ணெய் ஒன்றுதான் ஊற்றவில்லை. விடவில்லை.

நொடிக்கு 1,34,000 பிட் தகவல் அனுப்பியிருக்க வேண்டிய கலம், கைச்செலவுக்கென்று வைத்திருந்த சின்ன ஆன்டெனா வழியே முதலில் பத்து, பதினாறு பிட்டுகளாகப் பேசியது. தகவலைச் சுருக்கி அனுப்பும் புது மென்பொருளைத் தொலைவிலிருந்தே ஏற்றி, பூமியிலும் ஆன்டெனாக்களைக் கூட்டாக இயக்கி, 160 வரை கொண்டுவந்தார்கள். அதை வைத்தே 1995 டிசம்பர் முதல் 2003 செப்டம்பர் வரை வியாழனையும் அதன் நிலவுகளையும் ஆராய்ந்து முடித்தது அந்த அணியின் சாமர்த்தியம். ஊசி கடைசிவரை குழியை விடவே இல்லை.

நம் மாடிக்கு வருவோம். அசையாமல் நின்றுவிடும் நட்டைக் கண்டு நான் அதிகம் பயப்படுவதில்லை. அது தன் கோளாறைத் தானே சொல்லிவிடுகிறது. பயப்பட வேண்டியது பாதி பிடித்துக்கொண்ட நட்டுக்கு.

ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி நட்டின் அடிப்பக்க உரசலுக்கே போய்விடும். இன்னொரு நாற்பது சதம் மரையின் உரசலுக்கு. மிஞ்சும் பத்து சதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டுகிறது. மரையில் பிடிப்பு தொடங்கிவிட்டால் அந்தப் பத்தையும் அது தின்றுவிடும். கைக்கு இறுக்கமாகத் தெரியும். டார்க் ஸ்பேனர்கூட 'கிளிக்' என்று சொல்லி, சரியாயிற்று என்று சான்றிதழ் கொடுத்துவிடும். ஆனால் போல்ட் நீளவே இல்லை. பேனலை அது பிடிக்கவே இல்லை. அடுத்த புயல் காற்றில் தெரியும்.

இதை நான் சொன்னதும் ஃபிட்டர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், ஏற்கெனவே முடித்த பத்தில் கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஏழாவது ஆடியது. ஸ்பேனரை வைத்தால் கல்லுப்போல் இருந்தது. "இத நான் டைட்டுன்னுல்ல சார் விட்டேன்" என்றார்.

அப்புறம்தான் தெரு முனை லேத் பட்டறையிலிருந்து 'ஆன்டி-சீஸ்' பசை டப்பா வந்தது. சாம்பல் நிறத்தில் மையைப் போல் இருக்கும். தொட்டால் சட்டை, சுவர், செல்போன் என்று எல்லாவற்றிலும் ஏறும். எண்ணெயோ சாதாரண கிரீஸோ ஒரு டன் அழுத்தத்தில் பிதுங்கி வெளியே ஓடிவிடலாம். இந்தப் பசையில் நிக்கல் தூளோ, மாலிப்டினம் டைசல்ஃபைடோ போன்ற திடப்பொருள் கலந்திருக்கும். எண்ணெய் பிதுங்கினாலும் தூள் மரைகளுக்கு நடுவே நிற்கும். துத்தநாகப் பூச்சு எஃகுக்குச் செய்யும் அதே உபகாரம். செம்புத்தூள் கலந்த பசையும் கடையில் கிடைக்கும். அலுமினியச் சட்டத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது, செம்பு பட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிபடும். பால், மாவு, மசாலா ஓடுகிற இயந்திரமென்றால் உணவுக்கேற்ற பசை என்று கேட்டு வாங்க வேண்டும்.

பசை போட்டால் உரசல் குறையும். உரசல் குறைந்தால் பழைய முறுக்கே போல்ட்டைக் கூடுதலாக இழுக்கும், தாங்காமல் நீண்டும் போகலாம். ஆகவே டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர்கள் பசைக்கான அளவைப் பார்த்து முறுக்கைக் குறைக்க வேண்டும். இதை மறந்து, பசை போட்டதால் போல்ட் அறுந்தது என்று பசையின்மேல் பழி போடுபவர்கள் உண்டு.

வேகம் அடுத்த எதிரி. மெஷினை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாக, கிளாம்ப்பைத் தொடும்வரை மட்டும். கடைசிச் சுற்றுகள் கையால். நைலான் வளையம் வைத்த நட்டை மெஷினில் ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. அந்த வளையம் ஒவ்வொரு சுற்றிலும் இழுத்துப் பிடித்துச் சூட்டை ஏற்றும். மரையில் மணல் துகளோ அலுமினியச் சுருளோ இருந்தால் துடைத்துவிட வேண்டும். அடிபட்ட மரையை எறிந்துவிட வேண்டும். மரை கழன்ற மனிதரோடுகூடக் குடும்பம் நடத்தலாம், மரை நசுங்கிய எவர்சில்வர் நட்டோடு முடியாது.

ஏ2 போல்ட்டுக்கு ஏ4 நட்டு போட்டால் பிடிக்காது என்று பலர் சொல்வார்கள். அண்ணன் தம்பியை அடுத்த வீட்டுக்காரர் என்று சொல்வது மாதிரிதான் அது. கொஞ்சம் உதவலாம், நம்பி இருக்க முடியாது. உண்மையிலேயே வேறு குடும்பத்து நட்டு என்றால் வெண்கலம் நன்றாக வேலை செய்யும், ஆனால் வலிமை குறைவு. மாங்கனீசும் சிலிக்கானும் கூட்டி, பிடிப்பை எதிர்க்கவென்றே உருவாக்கிய நைட்ரானிக் 60 என்ற எவர்சில்வர் வகையும் இருக்கிறது. வீட்டு மாடிக்கு அது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்று நடுகிற கதை.

எல்லாம் மீறிப் பிடித்துக்கொண்டால்? முதல் கிறீச் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, கால் சுற்று பின்னே, அரைக்கால் சுற்று முன்னே என்று ஆட்டிப் பார்க்கலாம். ஆரம்பநிலைப் பிடிப்பு சில சமயம் விடும். நீள ஸ்பேனரில் குழாயைச் செருகிப் பலம் காட்டுவது கரிசலில் ஓடுவதற்குச் சமம். முழுதாகப் பிடித்துவிட்டால் அறுப்பதொன்றே வழி. எங்கள் பதினோராவதையும் ஏழாவதையும் ஃபிட்டர் கிரைண்டரால் அறுத்தெடுத்தார், பேனல்மேல் பொறி விழாமல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு.

அறுத்த துண்டுகளில் ஒன்றை நான் பட்டறையில் கொடுத்து நீளவாக்கில் பிளந்து, உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன். முதலிரண்டு மரைகளில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அடுத்த மூன்று மரைகளில் கோடு இல்லை.

மாடியில் மொத்தம் 48 போல்ட். சரியாயிருந்த ஒன்பதையும் அவர் கழற்றி, துடைத்து, பசை தடவி மறுபடி போட்டார். மற்றதெல்லாம் முதலிலிருந்தே பசையோடு, கையால். ஒரு மாடியை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனாலும் அப்புறம் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. வேலை முடிய ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று, பையனின் சட்டை சாம்பல் நிறமாயிற்று.